நுவார் படம் கறுப்பு, போஸ்டர் மஞ்சள்

கேள்வி (ஒரு வாசகர், ஜனவரி 9)
ஒரு குறும்படத்துக்கு போஸ்டர் செய்கிறேன். இயக்குநர் "நுவார் ஸ்டைல்" வேண்டும் என்கிறார், அதாவது அந்தக் கால ஹாலிவுட்டின் இருட்டான குற்றப் படங்களின் பாணி. நாற்பதுகளின் ஹாலிவுட் போஸ்டர்கள் மாதிரி முழுக் கறுப்பு, ஜன்னல் பட்டை நிழல், தொப்பி போட்ட ஆள் என்று போட்டுவிட்டால் முடிந்தது, இல்லையா? அப்போது படமும் கறுப்பு வெள்ளை, போஸ்டரும் கறுப்பு வெள்ளை. இன்றைய த்ரில்லர் போஸ்டர் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான் என்பது என் கணிப்பு.

ஜனவரி 9, இரவு
படம் கறுப்பு வெள்ளை என்பது சரி. போஸ்டர் அப்படி இல்லை. நாற்பதுகளின் அசல் போஸ்டர்களை ஒரு பத்து எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். மஞ்சள், ரத்தச் சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்ணைப் பறிக்கும். பெரும்பாலும் ஓவியர் கையால் வரைந்த முகங்கள். தலைப்பு தூரிகையில் எழுதியது, சாய்வாக, பின்னால் நிழல் வைத்து. தொப்பிக்காரர் இருட்டில் முதுகைக் காட்டி நிற்பதெல்லாம் அபூர்வம். அவருக்குக் கொடுத்த சம்பளத்துக்கு முகம் தெரிய வேண்டாமா?

1946-இல் வந்த 'கில்டா' போஸ்டரையே எடுங்கள். ரீட்டா ஹேவொர்த் முழு உருவமாக நிற்கிறார், கையில் சிகரெட், "கில்டாவைப் போல் ஒரு பெண் இருந்ததே இல்லை" என்று ஒரு வாசகம். கொலை, துப்பாக்கி, நிழல் எதுவும் அதில் விற்பனைக்கு இல்லை. ஒரு நட்சத்திரம் இருக்கிறார், அவ்வளவுதான். படம் பார்க்காமல் போஸ்டரை மட்டும் பார்த்தால் நடனப் படம் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இன்னொன்று. அந்த ஸ்டூடியோக்களில் யாரும் "இது நுவார் படம், அதற்கேற்ற போஸ்டர் போடு" என்று சொல்லவே வழியில்லை. போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் மொத்தமாகப் பாரிஸ் வந்து இறங்கியபோது, 1946-இல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் இந்தப் படங்களுக்கு 'ஃபிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம், என்ற பெயரைப் பயன்படுத்தினார். அது அமெரிக்காவில் பரவ ரொம்ப வருடம் ஆயிற்று. ஹாலிவுட் விளம்பரத் துறைக்கு இவையெல்லாம் கொலைக் கதை, காதல் கதை, மெலோடிராமா. அப்படித்தான் விற்றார்கள்.

ஜனவரி 10
படுத்த பிறகு நினைவுக்கு வந்தது. போஸ்டர் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, அது என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். ஒன் ஷீட் என்பது 27க்கு 41 அங்குலம். த்ரீ ஷீட் 41க்கு 81. இன்செர்ட் 14க்கு 36. ஹாஃப் ஷீட் 22க்கு 28. லாபி கார்டு 11க்கு 14. கடைக் கண்ணாடியில் வைக்கும் விண்டோ கார்டு 14க்கு 22. அதன் மேல்பகுதியில் தியேட்டர் பெயரும் தேதியும் அடித்துக்கொள்ள வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஒரே படத்துக்கு இத்தனை அளவு. ஒவ்வொன்றிலும் முகங்களை வெட்டி மாற்றி அடுக்க வேண்டும். ஒரே நிழலை நம்பி ஒரு வடிவமைப்பு செய்தால் குறுகலான இன்செர்ட்டில் அது செத்துப்போகும். தனித்தனித் தலைகளாக வரைந்து வைத்தால் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம்.

1940 முதல் இந்தக் காகிதங்களை நாடு முழுக்க அனுப்பும் வேலையைப் பெருமளவில் நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. போஸ்டரின் கீழ் ஓரத்தில் வருடமும் ஒரு எண்ணும் இருக்கும். மறுவெளியீடு என்றால் முன்னால் 'ஆர்' எழுத்து. மடித்துத்தான் அனுப்புவார்கள். ஒன் ஷீட்டில் குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று. பழைய பிரதிகளில் அந்த மடிப்புகள் சந்திக்கும் இடங்களில் மை உதிர்ந்து வெள்ளைப் புள்ளி தெரியும். நெடுக்கு மடிப்பு நட்ட நடுவே போவதால், நடுவில் முகம் வைத்த போஸ்டர்களில் கதாநாயகியின் மூக்கு முதலில் போகும்.

ஜனவரி 10, மாலை
"அப்படியானால் அந்தப் படங்களில் இருட்டு எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஒரு பகுதி ரசனை. ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர், ஃபிரிட்ஸ் லாங் எல்லாம் பெர்லினில் சினிமா செய்துவிட்டு, நாஜிகள் வந்ததும் வெளியேறியவர்கள். ஒற்றை விளக்கு, சாய்ந்த நிழல் எல்லாம் அவர்களுக்குப் பழகிய பாஷை. இன்னொரு பகுதி காசு. போர்க் காலத்தில் ஒரு படத்துக்குப் புதிதாக வாங்கும் செட் சாமான்கள் 5,000 டாலரைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க அரசு உச்சவரம்பு போட்டது. பாதிச் சுவர்தான் இருக்கிறது என்றால் மீதியை இருட்டில் விடுவதுதான் வழி. சின்ன பட்ஜெட் படங்களில் ஜான் ஆல்டன் என்ற ஒளிப்பதிவாளர் அதைப் பெரும் கலையாகவே ஆக்கினார். 1949-இல் ஒளியமைப்பு பற்றிப் புத்தகமும் எழுதினார்.

1944-இன் 'டபுள் இண்டெம்னிட்டி'யில் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பழைய வீட்டுக் கூடத்தில் ஜன்னல் பட்டைகள் வழியாக வெயில் விழும்போது காற்றில் தூசி மினுங்கும், கவனித்திருப்பீர்கள். சாதாரணத் தூசி கேமராவில் அப்படித் தெரியாது. பொடியாக்கிய அலுமினியத்தைக் காற்றில் ஊதிவிட்டு எடுத்தார். வீடு எவ்வளவு நாளாகத் துடைக்கப்படாமல் கிடக்கிறது என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

இப்போது அந்தத் தூசியை 27க்கு 41 அங்குலக் காகிதத்தில், நடைபாதையில் பத்தடி தள்ளிப் போகிற ஆளுக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். முடியாது. அந்த இருட்டு வேலை செய்வது தியேட்டரின் இருட்டுக்குள்ளே. தெருவில் போஸ்டருக்குப் போட்டி வெயிலும் மற்ற போஸ்டர்களும்தான். மஞ்சளும் சிவப்பும் அதனால்தான் வந்தன என்று நினைக்கிறேன்.

ஜனவரி 11
ஜன்னல் பட்டை நிழலுக்கு ஃபோட்டோஷாப் பிரஷ் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்கிறார். அண்ணா, ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஓசியில் கிடைக்கும்.

ஜனவரி 13
அந்த வண்ணக் கலவையின் மூதாதை யார் என்று தேடினால் சினிமாவை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது. இருபதுகள், முப்பதுகளின் 'பிளாக் மாஸ்க்', 'டைம் டிடெக்டிவ்' போன்ற மலிவுக் குற்றக்கதைப் பத்திரிகைகளின் அட்டைகள். டாஷியல் ஹாமெட்டும் ரேமண்ட் சாண்ட்லரும் எழுதியது 'பிளாக் மாஸ்க்'கில்தான். பின்னால் படமானவையும் அவர்கள் எழுத்துதான். உள்ளே மட்டக் காகிதத்தில் கறுப்பு எழுத்து, வெளியே பளபளக்கும் அட்டையில் சிவப்பு உடை, பயந்த கண், துப்பாக்கி முனை. கதை எப்படிப் படமாகப் போனதோ அதே மாதிரி அட்டையும் போஸ்டராகப் போயிற்று. கேமரா வழியாக வந்தது ஒரு பாரம்பரியம், பத்திரிகைக் கடை வழியாக வந்தது வேறொன்று. இரண்டும் ஒரே படத்தின் மேல் வந்து உட்கார்ந்தன.

நம்மூர் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் மாத க்ரைம் நாவல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உள்ளே சாணித் தாள். அட்டையில் எல்லாக் கலரும்.

ஜனவரி 13, இரவு
தணிக்கை பற்றி ஒரு சின்னக் குறிப்பு. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று ஹாலிவுட் படங்களுக்கு இருந்த நெறிமுறை எல்லோருக்கும் தெரியும். விளம்பரத்துக்கும் 1930-லேயே தனி நெறிமுறை இருந்தது. போஸ்டரும் பத்திரிகை விளம்பரமும் பார்வைக்குப் போய்த்தான் வரும். 'தி அவுட்லா' நுவார் இல்லை, கௌபாய்ப் படம், ஆனாலும் சொல்கிறேன். அதன் விளம்பரங்கள் எல்லை மீறின என்று சொல்லி 1946-இல் படத்துக்குக் கொடுத்த தணிக்கை ஒப்புதல் முத்திரையையே திரும்பப் பெற்றார்கள். படத்தைத் தயாரித்த ஹோவர்ட் ஹ்யூஸ் வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. ஆக, போஸ்டரில் சொல்ல முடியாததை ஓவியர்கள் சிகரெட் புகையிலும் தோள்பட்டையிலும் சொல்லப் பழகிக்கொண்டார்கள். 1947-இன் 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' போஸ்டரில் ராபர்ட் மிட்சமின் உதட்டோரம் தொங்கும் அந்த சிகரெட்டைப் பாருங்கள். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ படங்களுக்கு நிறைய வரைந்த வில்லியம் ரோஸ் கைவண்ணம். அரைக்கண் மூடிய அந்த அலட்சியம் ஒன்றே மொத்தக் கதையையும் சொல்லிவிடுகிறது. இதற்கு மேல் கறுப்புப் பின்னணி வேறு எதற்கு?

ஜனவரி 16
நான் எழுதியதை வைத்து "நுவார் படத்தின் பாணிக்கும் போஸ்டருக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்" என்று ஒருவர் சுருக்கியிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் அப்படித் தொனிக்கிறது, அதனால் கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன்.

அந்த ஓவியங்களில் முகங்களை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு கன்னத்தில் மஞ்சள் அடித்திருப்பார்கள், மறு கன்னத்தில் பச்சையோ நீலமோ. தோல் நிறம் என்பது நடுவில் ஒரு சின்னத் துண்டாகத்தான் இருக்கும். பல போஸ்டர்களில் கதாநாயகி முழு வண்ணத்தில் இருப்பாள், பின்னால் வில்லன் தலை மட்டும் ஒரே நிறத்தில், பச்சையிலோ நீலத்திலோ கிடக்கும். கேமரா ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து முகத்தை இரண்டாகப் பிளந்தது அல்லவா, ஓவியர் அதே பிளவை நிறத்தால் செய்கிறார். விளக்கின் இடத்தில் மஞ்சள், இருட்டின் இடத்தில் நீலம். ஸ்டூடியோவிலிருந்து அவருக்கு வந்தவை கறுப்பு வெள்ளை ஸ்டில்கள்தான். அந்த ஸ்டில்லில் இருந்த ஒளியை வண்ணமாக மாற்றியிருக்கிறார்.

நுவார் ஒளியமைப்பு போஸ்டருக்குள் வந்த உண்மையான வழி இதுதான் என்பது என் எண்ணம். நம் ஆட்கள் நகல் எடுக்கும்போது விட்டுவிடுவதும் இதைத்தான்.

ஜனவரி 17
அப்படியானால் கறுப்பு போஸ்டர் எப்போது வந்தது? எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் நீளமாகப் போகும். விருப்பமில்லாதவர்கள் கீழே தாண்டிப் போங்கள்.

முதல் திருப்பம் சால் பாஸ் என்ற வடிவமைப்பாளர். 1955-இன் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்', ஓட்டோ பிரெமிஞ்சர் இயக்கம். ஹெராயின் பழக்கத்துக்கு அடிமையான சீட்டாட்டக்காரன் கதை. போதைப் பழக்கத்தைக் காட்டியதால் தணிக்கை முத்திரை கிடைக்காமலே யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்டது. போஸ்டரில் கோணல்மாணலாக வெட்டிய ஒரு கறுப்புக் கை. அதைச் சுற்றி ஒழுங்கில்லாத வண்ணக் கட்டங்கள். கவனியுங்கள், அப்போதும் சினாட்ரா, எலினோர் பார்க்கர், கிம் நோவாக் மூவரின் படங்களும் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கின்றன. விற்பனைக்காரர்களை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியவில்லை. ஆனால் கண் போவது கைக்குத்தான். 1959-இன் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' போஸ்டரில் துண்டு துண்டாக வெட்டிய கறுப்பு உடல். பின்னணி மட்டும் தீச்சிவப்பான ஆரஞ்சு! பாஸ் கூட முழுக் கறுப்புக்குப் போகவில்லை. அவர் தந்தது ஒரே ஒரு உருவத்தால் படத்தைச் சொல்லும் துணிச்சல்.

இரண்டாவது திருப்பம் போஸ்டர் உலகத்திலேயே நடக்கவில்லை. இந்தப் படங்கள் பழசாகி, சிறு தியேட்டர்களிலும் டிவியிலும் திரும்ப வந்தபோது அவற்றைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். புத்தகத்திலும் பத்திரிகையிலும் அச்சானது வண்ண போஸ்டர் அல்ல, கறுப்பு வெள்ளை ஸ்டில். 1955-இன் 'தி பிக் காம்போ'வின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ஆல்டன் ஒளிப்பதிவு. மூடுபனி, பின்னாலிருந்து ஒரு வெளிச்சம், ஒரு ஆணும் பெண்ணும் வெறும் கறுப்பு வடிவங்களாக நிற்கிறார்கள். நுவார் என்றாலே இன்று நம் மனதில் வரும் படம் அதுதான். அந்தப் படத்தை அன்று விற்க இப்படி முகம் தெரியாத இருவரை நம்பவில்லை. நட்சத்திரங்களின் முகங்களைத்தான் நம்பினார்கள். அதாவது, நாம் "பழைய நுவார் போஸ்டர்" என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பிற்கால ரசிகர்கள் படத்திலிருந்து பொறுக்கியெடுத்த ஒரு ஃபிரேம்.

மூன்றாவது, அந்த எழுத்தைப் படித்து வளர்ந்தவர்கள் படம் எடுக்க வந்தது. பால் ஷ்ரேடர் 1972-இல் நுவார் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், பிறகு 'டாக்ஸி டிரைவர்' திரைக்கதை எழுதினார். 1976-இல் அதற்கு போஸ்டர் வரைந்தவர் பெல்ஜிய ஓவியர் கி பெலார்ட். இரண்டு வருடம் முன்னால் 'சைனாடவுன்'. ஜிம் பியர்சால் செய்த போஸ்டர், என்னைக் கேட்டால் இந்த வகையில் இதை மிஞ்ச ஆளில்லை. ஜாக் நிக்கல்சன் சிகரெட் பிடிக்கிறார். புகை சுருள் சுருளாக மேலே போய் ஃபே டனவேயின் முகமாகவும் கூந்தலாகவும் ஆகிறது. கீழே நீர் அலை. கதையே லாஸ் ஏஞ்சலஸ் தண்ணீர் ஊழல்தான், ஆனால் முதலில் பார்க்கும்போது அலை வெறும் அலங்காரமாகத் தெரியும். படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அது வேறாகத் தெரியும். இதிலும் கறுப்பு ஆதிக்கம் இல்லை. ஜான் ஆல்வின் வரைந்த 1982-இன் 'பிளேட் ரன்னர்' போஸ்டரிலும் துப்பாக்கியுடன் ஆண், புகையுடன் பெண், கீழே நகரம். தலைகளை அடுக்கும் அந்தப் பழைய முறைதான்!

முழுக் கறுப்பில் ஒரே ஒரு சிவப்பு என்ற சூத்திரம் 2005-இன் 'சின் சிட்டி'க்குப் பிறகு எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அது காமிக்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. உங்கள் இயக்குநர் மனதில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி 18
ஐரோப்பாவை விட்டுவிட்டேன் என்று சரியாகவே குட்டினார்கள். இத்தாலியில் அன்செல்மோ பல்லெஸ்டர் கொலம்பியா நிறுவனப் படங்களுக்கு வரைந்தவை அமெரிக்க அசல்களைவிட எனக்குப் பிடிக்கும். ரீட்டா ஹேவொர்த்தை அவர் வரைந்தால் கண்ணெடுக்க முடியாது. போலந்தில் வால்டெமர் ஷ்வியெஜி 1957-இல் 'சன்செட் பூல்வார்ட்' படத்துக்கு வரைந்ததையும் தேடிப் பாருங்கள். அங்கே படத்தை விநியோகித்தது அரசு, டிக்கெட் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி ஹாலிவுட் மாதிரி இல்லை. ஓவியருக்குச் சுதந்திரம் கூடியது.

ஜனவரி 20
இனி என் சொந்தக் கதை, கேள்வி கேட்டவருக்கு உபயோகமாக இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னப் படத்துக்குச் சுவர் போஸ்டர் செய்தேன். திரையில் அட்டகாசமாக இருந்தது. முழுக் கறுப்பு, ஓரமாக ஒரு முகம், பாதி மட்டும் தெரியும். கறுப்பு வெறும் கறுப்பாக அடித்தால் சாம்பல் மாதிரி வெளிறும் என்பதால் சயன் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று வைத்தேன். மொத்தம் 240 சதவீத மை. நல்ல ஆர்ட் பேப்பரில் அது ஒன்றுமில்லை. சுவர் போஸ்டருக்குப் போடும் மெல்லிய தாளில் கதை வேறு. அச்சகத்தில் காயவிடப் பொறுமை இல்லை, அடுக்கிவிட்டார்கள். ஒரு தாளின் கறுப்பு அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது முகத்தில் வெள்ளைத் திட்டுகள். கதாநாயகனுக்குத் தேமல் வந்த மாதிரி.

அதையும் மீறித் தப்பிய பிரதிகளை இரவில் மைதாப் பசை தடவி ஒட்டினார்கள். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் பெரிய படங்களின் போஸ்டர்கள், மஞ்சளும் சிவப்புமாக. நடுவில் என்னுடையது சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. தயாரிப்பாளர் போனில் கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, ஒட்டியாச்சா இல்லையா?"

ஜனவரி 20, இரவு
சுவரை விடுங்கள், இப்போது எல்லாம் போனில்தானே என்கிறீர்கள். போன் இன்னும் மோசம். ஓடிடி செயலியில் உங்கள் போஸ்டர் கட்டைவிரல் நகம் அளவுக்கு வரும், அந்தச் செயலியின் பின்னணியும் பெரும்பாலும் கறுப்புதான். கறுப்புக்குள் கறுப்பு வைத்தால் தலைப்பு மட்டும் அந்தரத்தில் தொங்கும். ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடாவது வேண்டும், தலைமுடியிலோ தோளிலோ. முகத்தின் இருண்ட பக்கத்தை முழுக்கக் கொல்லாமல் ஆழ்ந்த நீலத்திலோ பச்சையிலோ விட்டுப் பாருங்கள். பதினாறாம் தேதி சொன்ன ஓவியர்களின் வேலைதான் அது. தலைப்பை மெல்லிசான எழுத்தில் இடைவெளி விட்டு வைக்காதீர்கள். தமிழில் சுழியும் கொம்பும் சின்ன அளவில் முதலில் மறையும். கையால் எழுதச் சொல்லி ஸ்கேன் செய்யுங்கள், செலவும் அதிகமில்லை.

ஜனவரி 23
"தமிழில் நுவார் உண்டா" என்று பேச்சு போய்விட்டது. 1954-இன் 'அந்த நாள்' உண்டே. வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவிஎம் தயாரிப்பு, எஸ். மாருதிராவ் ஒளிப்பதிவு. சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டு விழுகிறார். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. போஸ்டர் ஆளுக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசியுங்கள். நம்மூரில் படத்தோடு பாட்டுப் புத்தகமும் விற்கும் காலம், அதன் அட்டையே ஒரு குட்டி போஸ்டர். பாட்டே இல்லாத படத்துக்கு எதை அச்சடிப்பது?

இதை அன்று தெருவில் எப்படி விற்றார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. இணையத்தில் சுற்றுவதில் பாதி டிவிடி அட்டை, மீதி ரசிகர்கள் பிற்காலத்தில் செய்தவை, எல்லாம் கறுப்பு மயம். யாரிடமாவது 1954-இல் அச்சான போஸ்டரோ பத்திரிகை விளம்பரமோ இருந்தால் ஸ்கேன் செய்து இங்கே போடுங்கள். கிழிசல், மடிப்பு, கறை எல்லாம் அப்படியே இருக்கட்டும், கலரைத் திருத்த வேண்டாம்.